பெயர்களை வாசித்தவர்கள்: எளிய மனிதர்கள் மனித உரிமையைக் காத்த விதம்

சட்டம் படிக்காத, கட்சிப் பின்புலமோ பணபலமோ இல்லாத சாதாரண மனிதர்கள் தங்கள் ஊரில் மனித உரிமையைக் காத்தார்கள் என்று சொல்வது வெறும் ஊக்கப் பேச்சா, அப்படி நடந்ததற்கு உறுதியான சான்று உண்டா, நடந்திருந்தால் அவர்கள் செய்த வேலைதான் என்ன என்பது கேள்வி. சான்று உண்டு. ஆனால் அந்த வேலை நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதைப் போன்றதன்று. ஆவேச உரைகளும் மறியல்களும் அதில் ஒரு பகுதி மட்டுமே. நான் படித்து அறிந்த வரையில், எளியவர்கள் ஓரளவேனும் வென்ற இடங்களில் அவர்கள் விடாப்பிடியாகச் செய்த வேலை, அதிகாரத்தில் இருப்பவர்கள் மறைத்த பெயர்களை ஒவ்வொன்றாகத் திரட்டி, சரிபார்த்து, ஊரறிய வாசித்ததுதான். அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் அயர்ஸிலும் ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களிலும் நடந்தவற்றை வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதன்பின் தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், ஆசிரியர்கள், சேரிகளில் தொண்டு செய்த பாதிரியார்கள், இவர்களுக்கு நண்பர்களாக இருந்தது தவிர வேறு எதுவும் செய்யாதவர்கள் எனப் பல்லாயிரம் பேர் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் தூக்கிச் செல்லப்பட்டனர். கைது செய்ததாக எழுத்தில் ஒரு வரி கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது, நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டால், அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை என்ற பதிலோடு மனு தள்ளுபடியாகும். கொன்றதாக ஒப்புக்கொண்டால் கொலைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், சிறையில் வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டால் வழக்கு நடத்த வேண்டும் என்பதால், ஆளே இல்லை என்று சொல்லிவிடுவதையே அந்த அரசு தன் முறையாக வைத்துக்கொண்டது. 1983இல் ராணுவ ஆட்சி முடிந்த பிறகு அமைந்த விசாரணை ஆணையம் 8,961 பேர் காணாமலாக்கப்பட்டதை ஆவணப்படுத்தியது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000.

அசுசேனா வில்லாஃப்ளோர் உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரிக்கும் ஓர் ஆலையில் தொலைபேசி இணைப்பாளராக வேலை பார்த்தவர். பின்னர் குடும்பத்தைக் கவனித்து வந்தவர். 1976 நவம்பரில் அவருடைய மகன் நெஸ்தரும் மகனின் துணைவியும் பிடித்துச் செல்லப்பட்டனர். எல்லாத் தாய்மாரையும் போல அவரும் காவல் நிலையம், அமைச்சகம், மருத்துவமனை, சவக்கிடங்கு என்று அலைந்தார். கடற்படையின் தேவாலய அலுவலகத்தில் ஒரு பாதிரியார் காணாமற்போனவர்களுக்கென்று அட்டைக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, வரும் தாய்மாரிடம் கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வார். எதையும் திருப்பிச் சொல்ல மாட்டார். அந்த அலுவலகத்தின் காத்திருப்பு அறையில்தான் அசுசேனா, தனித்தனியாக அலைந்து பயனில்லை, எல்லோரும் சேர்ந்து ஆட்சியாளரின் மாளிகைக்கு எதிரே இருக்கும் மே சதுக்கத்துக்குப் போவோம் என்றார். 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் அங்கே கூடினார்கள். அன்று சனிக்கிழமை, அலுவலகங்கள் மூடியிருந்த சதுக்கத்தில் அவர்களைப் பார்க்க ஆளில்லை. அதனால் முதலில் வெள்ளிக்கிழமைக்கும், பிறகு வியாழக்கிழமை மாலை மூன்றரை மணிக்கும் மாற்றிக்கொண்டார்கள்.

நெருக்கடி நிலை அமலில் இருந்ததால் கூட்டமாக நிற்கத் தடை இருந்தது. நிற்காதீர்கள், நகருங்கள் என்று போலீசார் அதட்டினார்கள். தாய்மார் அந்த ஆணையை அப்படியே நிறைவேற்றினார்கள்: இரண்டிரண்டு பேராகக் கை கோத்து, சதுக்கத்தின் நடுவிலுள்ள தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். ஒரு தாயிடம் அடையாள அட்டையைக் கேட்டபோது அங்கிருந்த எல்லோரும் தங்கள் அட்டையை நீட்டினார்கள். ஒவ்வொன்றையும் சரிபார்த்துத் திருப்பித் தரும் வரை போலீசாரே அவர்களைச் சதுக்கத்தில் இருக்க வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் லூஹான் என்னும் ஊருக்குப் பெருந்திரளான மக்கள் பாதயாத்திரை போனபோது, கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் காண, வீட்டில் எடுத்து வைத்திருந்த குழந்தைகளின் வெள்ளை அணையாடைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். பின்னாளில் உலகம் அறிந்த வெள்ளை முக்காடு அப்படித் தொடங்கியது.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் செய்த அசலான வேலை பட்டியல் தயாரித்ததுதான். வந்து சேரும் ஒவ்வொரு தாயிடமும் பிள்ளையின் முழுப் பெயர், பிடிக்கப்பட்ட நாள், இடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதினார்கள். 1977 டிசம்பரில், பன்னாட்டு மனித உரிமை நாளன்று, காணாமற்போனவர்களின் பெயர்களோடு ஒரு நாளிதழில் விளம்பரம் கொடுக்க முடிவு செய்து, கையொப்பமும் பணமும் திரட்டினார்கள். இந்தக் கூட்டத்தில் தங்கமுடி இளைஞன் ஒருவன் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தான். தன் அண்ணன் காணாமற்போய்விட்டதாகச் சொல்லி, வேறு பெயரில் வந்த அவன், உண்மையில் ஆல்ஃபிரெடோ அஸ்டீஸ் என்ற கடற்படை அதிகாரி. அவன் காட்டிக்கொடுத்ததால் டிசம்பர் 8 அன்று சாந்தா குரூஸ் தேவாலயத்தில், விளம்பரத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தபோது, எஸ்தர் பாயெஸ்த்ரினோ, மரியா போன்சே என்ற இரு தாய்மாரும் ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரியும் இன்னும் சிலரும் கடத்தப்பட்டனர். எஸ்தரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கருவுற்றிருந்த நிலையில் பிடிபட்ட அவருடைய மகள் அதற்குள் விடுதலையாகிவிட்டாள். அவர் வெளிநாட்டுக்குப் போய் நிம்மதியாக இருந்திருக்கலாம். மற்றவர்களின் பிள்ளைகள் இன்னும் வரவில்லை என்பதற்காகவே அவர் சதுக்கத்துக்குத் திரும்பி வந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, விளம்பரம் வெளிவந்தது. அதைப் பார்க்க நாளிதழ் வாங்கப் போன அசுசேனாவைத் தெருவிலேயே தூக்கிச் சென்றார்கள். மூன்று தாய்மாரும் கடற்படையின் இயந்திரவியல் பள்ளியில் சித்திரவதை செய்யப்பட்டு, விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்டனர். அலை கரையில் ஒதுக்கிய உடல்கள் ஒரு சிற்றூர் இடுகாட்டில் பெயரற்றவர்கள் என்ற குறிப்போடு புதைக்கப்பட்டன. 2005இல் அர்ஜென்டினத் தடய மானுடவியல் குழு எலும்புகளிலிருந்து அவர்களை அடையாளம் கண்டது. அசுசேனாவின் அஸ்தி மே சதுக்கத்தில், அவர்கள் சுற்றி நடந்த தூணின் அடியிலேயே புதைக்கப்பட்டிருக்கிறது. அஸ்டீசுக்கு 2011இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

தலைவியைத் தூக்கிய பிறகு மற்றவர்கள் வீட்டுக்குள் அடங்கிவிடுவார்கள் என்று ராணுவம் கணக்குப் போட்டது. எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் வியாழக்கிழமை நடை நிற்கவில்லை. 1978இல் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு வந்த வெளிநாட்டுச் செய்தியாளர்களில் சிலர், ஆட்டத்தை விட்டு அந்தச் சதுக்கத்துக்கு வந்தார்கள். நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் அந்தத் தாய்மாரின் அழுகையை உலகம் பார்த்தது. 1979 செப்டம்பரில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையம் நேரில் வந்தபோது, தெருவில் நீண்ட வரிசையில் நின்று மக்கள் கொடுத்த புகார்கள் 5,580. இரண்டரை ஆண்டுகளாகக் குறித்து வைத்த தாள்கள் இல்லாமல் அந்தப் புகார்களுக்கு நாளும் இடமும் பெயரும் கிடைத்திருக்காது.

பேரக்குழந்தைகளையும் பறிகொடுத்த பாட்டிமார் செய்தது இதைவிட வியப்பானது. சிறையில் பிள்ளை பெற்ற இளம்பெண்களைக் கொன்றுவிட்டு, அந்தக் குழந்தைகளை ராணுவக் குடும்பங்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் தங்கள் பிள்ளைகளாக வளர்த்தார்கள். இப்படிப் பறிக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 500 பேர். இவர்களைத் தேட 1977 அக்டோபரில் 12 பாட்டிமார் ஓர் அமைப்பாகச் சேர்ந்தனர். ஒரு குழந்தையைக் கண்டுபிடித்துவிட்டாலும், தாயும் தந்தையும் உயிரோடு இல்லாதபோது அது தங்கள் பேரப்பிள்ளை என்று நீதிமன்றத்தில் எப்படி மெய்ப்பிப்பது என்பதே அவர்கள் முன் நின்ற சிக்கல். அதற்கு அறிவியலில் அன்று ஆயத்தமான விடை இல்லை. பாட்டிமார் வெளிநாடுகளுக்குப் பயணம் செய்து, ஆய்வகம் ஆய்வகமாகச் சென்று, பெற்றோர் இல்லாமல் பாட்டன் பாட்டியின் ரத்தத்தை மட்டும் வைத்து உறவைக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் உள்ளிட்ட அறிவியலாளர்கள் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, பாட்டன் பாட்டி உறவின் நிகழ்தகவைக் கணக்கிடும் முறையை உருவாக்கினார்கள். 1984இல் ஒரு சிறுமி அந்தப் பரிசோதனையின் துணையோடு தன் பாட்டியிடம் திரும்பினாள். 1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டப்படி அமைந்தது; தாங்கள் இறந்த பிறகும் பேரப்பிள்ளைகள் வந்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பாட்டிமார் தங்கள் ரத்தத்தை அங்கே விட்டுச் சென்றிருக்கிறார்கள். அமைப்பின் தலைவி எஸ்டேலா தெ கார்லோட்டோ தன் சொந்தப் பேரனை 2014இல், 36 ஆண்டுகள் தேடிய பிறகு, கண்டடைந்தார்; அவர் 114ஆவது ஆள். இதுவரை அடையாளம் மீண்டவர்கள் 130 பேருக்கும் மேல்.

நீதி மட்டும் நேர்க்கோட்டில் வரவில்லை. 1985இல் தளபதிகள் தண்டிக்கப்பட்டனர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மற்ற அதிகாரிகளைக் காக்கும் சட்டங்கள் வந்தன. பிறகு பொதுமன்னிப்பும் வந்தது. அந்தச் சட்டங்களை 2005இல்தான் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்றது. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வழக்குகளை மீண்டும் எடுத்தபோது, சாட்சியங்களும் பட்டியல்களும் அழியாமல் கையில் இருந்தன என்பதே அங்கு தீர்மானகரமான செய்தி என்பது என் முடிவு.

ராஜஸ்தானில் மறைக்கப்பட்ட பெயர்கள் வேறு வகையானவை. பஞ்ச நிவாரணப் பணிகளில் மண் வெட்டிச் சாலை போட்ட கூலிகளுக்கு, அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி அன்று கைக்கு வருவதில்லை. கேட்டால், நீ செய்த வேலையின் அளவு குறைவு என்று பதில் வரும். அளவு எழுதிய ஏட்டைக் காட்டு என்றால், அது அரசு ரகசியம் என்று பதில் வரும். வேலைக்கு வந்தவர்களின் பெயர், நாள், கூலி, கைரேகை எல்லாம் இருக்கும் வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை, அதில் கைரேகை வைத்தவருக்கே அன்று இல்லை. சென்னையில் பிறந்து, ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1975இல் அதை விட்டு விலகிய அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் 1987இல் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண்வீட்டில் குடியேறி, ஊராரோடு சேர்ந்து 1990 மே நாளில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அருணா ராயின் பெயரே வெளியே அதிகம் தெரிந்தாலும், அந்த அமைப்பின் வலிமை அங்கிருந்த கூலித் தொழிலாளிகளும் சிறு விவசாயிகளும்தான். ஏட்டில் இருப்பது பொய் என்று சொல்லும் அறிவு அவர்களிடம் மட்டுமே இருந்தது.

1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. வட்டார அதிகாரி ஒருவர் பதிவேடுகளைப் பார்க்க அனுமதித்ததால், அவற்றைக் கையால் படியெடுத்து வந்திருந்தார்கள். திறந்த வெளியில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, ஊரார் முன்னிலையில் அந்த ஏட்டை வரி வரியாக வாசித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்து இவ்வளவு கூலி பெற்றார் என்று வாசித்ததும், கூட்டத்தில் இருக்கும் அந்த ஆளே எழுந்து, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்பார். அடுத்த பெயர் பிழைப்புக்காக ஊரைவிட்டே போனவருடையதாக இருக்கும். அதற்கடுத்தது எப்போதோ இறந்தவருடையதாக இருக்கும். கட்டி முடித்ததாகக் கணக்கு எழுதிய கட்டடம் கூரையில்லாமல் நிற்பதை ஊரார் கைநீட்டிக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அன்று தணிக்கையாளர்கள் ஆனார்கள். ஏனென்றால் அங்கே தேவைப்பட்டது கணக்கியல் படிப்பல்ல, யார் யார் எந்த நாளில் எங்கே இருந்தார்கள் என்ற ஊர் நினைவு.

ஆவண நகல் பெறும் உரிமை தரப்படும் என்று 1995 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரின் சாங் கேட் அருகே தொடங்கிய தர்ணா 40 நாள் நடந்தது. கிராமத்தார் முறை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வந்து உட்கார்ந்தார்கள். கூடவே தானியமும் கொண்டு வந்தார்கள். நகரத்துக் கடைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் டெல்லியில், நான்காம் வகுப்பு வரை மட்டுமே படித்த ஒரு கிராமத்துப் பெண்ணிடம் செய்தியாளர்கள் உனக்கு எதற்குத் தகவல் உரிமை என்று கேட்டபோது, பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லி கோடி கோடியாகச் செலவழிக்கும் அரசிடம் கேட்க வேண்டாமா என்ற பொருளில் அவர் சொன்ன பதில் இன்றளவும் அந்த இயக்கத்தாரால் நினைவுகூரப்படுகிறது. தமிழ்நாடு 1997இலும் ராஜஸ்தான் 2000இலும் தகவல் உரிமைச் சட்டங்களை இயற்றின; நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் சமூகத் தணிக்கை கட்டாயமாக்கப்பட்டதற்கும் அந்தப் பந்தல்தான் மூலம்.

பட்டியல் கேட்டும் கிடைக்காத இடமும் உண்டு; அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இராது. இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கந்தசாமி கோயில் முன்பாகத் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது தொடர்ந்தது. போரின் இறுதியில் ராணுவத்திடம் கண்முன்னே கையளித்த பிள்ளைகளும் கணவர்களும் எங்கே என்பது அவர்கள் கேள்வி. சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. அந்த ஆண்டு ஜூனில் அன்றைய ஜனாதிபதி நேரில் சந்தித்து, பட்டியல் வெளிவர நடவடிக்கை எடுப்பதாக வாக்களித்தார். பட்டியல் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அம்மாமாரும் அப்பாமாரும் பலர் விடை அறியாமலே இறந்துபோனார்கள். புவெனஸ் அயர்ஸில் நடந்ததற்கும் வன்னியில் நடப்பதற்கும் தாய்மாரின் உறுதியில் எந்த வேறுபாடும் இல்லை. அங்கே ராணுவ ஆட்சி வீழ்ந்தது, விசாரணை ஆணையமும் நீதிமன்றமும் கதவு திறந்தன. இங்கே அந்தக் கதவு திறக்கவில்லை. எளிய மக்கள் தம் பங்கை முழுமையாகச் செய்தாலும் நீதி தானாக வந்துவிடாது என்பதை இது காட்டுகிறது.

பெயர்களைக் கேட்பவர்களின் உயிருக்கும் ஆபத்து வருகிறது. கிர் காடுகளைச் சுற்றி நடந்த சட்டவிரோதச் சுரங்கங்களைத் தகவல் உரிமை மனுக்களால் வெளிக்கொணர்ந்து வழக்குத் தொடுத்த அமித் ஜேத்வா, 2010 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்தின் எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மனித உரிமைக் காப்பாளர்கள் பற்றி ஐக்கிய நாடுகள் அவை 1998 டிசம்பர் 9 அன்று ஏற்ற பிரகடனம், தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ மனித உரிமைகளுக்காகப் பாடுபடும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. அதற்குப் படிப்போ பதவியோ உறுப்பினர் அட்டையோ தகுதியாகக் கேட்கப்படவில்லை. ஆனால் பிரகடனம் யாரையும் சுடாமல் தடுக்காது. தனியாளாக மனுப் போடுவதை விட நாலைந்து பேர் ஒரே கேள்வியைத் தனித்தனி மனுக்களாகப் போடுவது பாதுகாப்பு என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். மே சதுக்கத்தில் ஒரே ஓர் அடையாள அட்டையைக் கேட்டவரிடம் எல்லோரும் அட்டையை நீட்டிய பெண்கள் செய்ததும் அதுவே.

நம் ஊரில் இதைச் செய்ய வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வீட்டு வசதித் திட்டத்தில் யாருக்கு வீடு ஒதுக்கப்பட்டது, ஊதியப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று அங்கே கேட்கலாம். வாய்மொழியில் பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால், எடுத்துக்காட்டாக விசாரணைக்கு என்று அழைத்துச் செல்லப்பட்டவர் எங்கே என்பது போன்றவற்றுக்கு, 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தப் பிரிவைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

இப்போது ஒரு புதிய தடை வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கான விலக்கைத் திருத்தியிருக்கிறது. முன்பு பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையற்றுத் தலையிடும் தகவலை மட்டுமே மறுக்கலாம் என்ற வரம்பு இருந்தது. திருத்தம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. பயனாளிகளின் பெயரும் ஒப்பந்தக்காரரின் பெயரும் கூடத் தனிநபர் தகவல்தான் என்று சொல்லி மறுக்க இது இடம் தருகிறது. கோட் கிரானாவில் வாசித்த ஏட்டை இன்று கேட்டால், பெயர்களை மறைத்துவிட்டு எண்களை மட்டும் தருவார்கள் என்ற அச்சம் நியாயமானது. பெயர் இல்லாத ஏட்டை வாசித்தால், நான் போகவில்லை என்று சொல்லக் கூட்டத்தில் யார் எழுவார்? திருத்தத்துக்கு எதிராக ராஜஸ்தான் இயக்கத்தாரும் நாட்டின் பிற தகவல் உரிமை அமைப்புகளும் குரல் கொடுத்து வருகிறார்கள். ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அப்படியே இருக்கிறது. வெளியிடுவதால் வரும் பொதுநலன், காக்க நினைக்கும் நலனைவிடப் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்பது அதன் சாரம். மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை, யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்று 4ஆவது பிரிவும் சொல்கிறது. பெயர்ப் பட்டியல் கேட்டு மனு எழுதுபவர்கள் இந்த இரண்டு பிரிவுகளையும் மனுவிலேயே குறிப்பிட்டு, இதில் உள்ள பொதுநலன் என்ன என்பதையும் நான்கு வரியில் எழுதிவிட வேண்டும். மறுப்பு வந்தாலும், மேல்முறையீட்டில் வாதிட அந்த நான்கு வரிகள் தேவைப்படும்.